சொல் அறிவோம்: பாவனை



"சும்மா பாவனை பண்ணாதே!" வயிற்று வலி என்று சொல்லி டியூஷனுக்கு மட்டம் போட்டால் அம்மா இப்படித்தான் ஏசுவார். ஆனால் சமய வகுப்பில் ஆசிரியர் 'சிவ பாவனை' என்று உயர்வாகச் சொல்கிறார். ஒரே சொல் எப்படி ஏச்சாகவும் சாதனையாகவும் இருக்க முடியும்?

சொல்லின் வேர்

பாவனை 'பாவனா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அதன் வேருக்கு 'இருத்தல், ஆதல்' என்று பொருள். ஆகவே பாவனா என்றால் 'ஆகச் செய்தல்'. பரதநாட்டியத்தில் முகத்தில் காட்டும் பாவமும் இதே வேர்தான். பாவ புண்ணியம் என்கிறோமே, அந்தப் பாவம் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மருந்தில் பாவனை

ஆயுர்வேதத்தில் மருந்துப் பொடியை மூலிகைச் சாறு விட்டு அரைத்து, உலர்த்தி, மறுபடியும் அரைப்பார்கள். இதற்கும் பாவனை என்றுதான் பெயர். ஒரு தடவை போதாது, ஏழு தடவைகூடச் செய்வதுண்டு. சாற்றின் குணம் பொடியில் ஏற வேண்டுமே!

சித்தாந்தத்தில் பாவனை

சிவஞான சித்தியாரில் கருட தியானம் உவமையாக வருகிறது. பாம்புக்கடிக்கு மந்திரிப்பவர் தம்மைக் கருடனாகப் பாவித்து விஷத்தை இறக்குவாராம். அவருக்குச் சிறகு முளைக்கவில்லை, அவர் கருடனாக மாறிவிடவும் இல்லை. கருடனின் ஆற்றல் அவர் வழியாக வேலை செய்கிறது. அப்படித்தான் சிவத்தைப் பாவிக்கும் உயிரும். அது கடவுளாகிவிடுவதில்லை, மலம் நீங்கிச் சிவத்தோடு ஒன்றி நிற்கிறது.

நமக்கு என்ன?

பாசாங்கு பிறர் பார்ப்பதற்காகச் செய்வது. ஆள் போனதும் அதுவும் போய்விடும். பாவனை யாரும் பார்க்காதபோதும் தொடரும். ஆனால் முதல் நாளில் இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். நேற்றுவரை குடித்துத் திரிந்த ஒரு அண்ணன் இன்று திருநீறு பூசிக் கோயிலுக்கு வந்தால், "பாருடா, சாமியார் வேஷம்!" என்று சிரிக்காதீர்கள். அது அவருக்கு முதல் அரைப்பாக இருக்கலாம். நம் சிரிப்பு அதைப் பாதியிலேயே நிறுத்திவிடக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. பாவனை நல்லது கெட்டது பார்க்காது. கேங் அண்ணன் மாதிரி நடந்து, அவர் மாதிரியே பேசிப் பழகும் தம்பி "சும்மா ஸ்டைலுக்குத்தான்" என்பான். தினமும் அரைத்தால் அந்தச் சாறும் ஏறத்தான் செய்யும். யாரைப் போல நடக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

வகுப்பில் கலந்து பேச:

1. பாசாங்குக்கும் பாவனைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குங்கள்.
2. நீங்கள் பின்பற்ற விரும்பும் ஒருவரின் ஒரே ஒரு குணத்தைத் தேர்ந்தெடுங்கள். யாரிடமும் சொல்லாமல் ஏழு நாள் அப்படி நடந்து பாருங்கள்.