பள்ளி மைதானத்தில் நாடகம் போடப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அரசுப் பள்ளிகளில் மாலை நேரத்தில் இலவசமாக நாடகம் போடப் போகிறோம், மேடைக்கும் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் திரட்ட வழி சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பட்டியலில் முதலில் மேடையை அடித்துவிடு.

நம் பல கிராமங்களில் எல்லாத் தெருக்காரர்களும் யாரையும் கேட்காமல் வந்து உட்காரக்கூடிய பொது இடம் பள்ளி மைதானம் ஒன்றுதான். கோயில் வாசலில் கூத்து என்றால் யார் எங்கே நிற்பது என்று ஊருக்கு ஒரு கணக்கு இருக்கும். பள்ளியிலோ ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிடுகிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள்தான் அந்த வளாகத்துக்குள் ஒன்றாக உட்கார்ந்ததே இல்லை. அவர்களை உட்கார வைப்பதுதான் உன் வேலை. கதையும் நடிப்பும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தெருவுக்கு ஒரு மூலையாகக் கூட்டம் பிரிந்து நின்றால் அந்த மாலை தோற்றுவிட்டது என்றே நான் சொல்வேன்.

ஆகவே அழைப்பிலிருந்தே நாடகம் தொடங்குகிறது. பிள்ளைகளிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினால் போதாது. நாடகம் நடக்கும் அன்று மூன்று மணிக்கே பறையோடு கிளம்பு. காலனியில் தொடங்கி ஒரு தெரு விடாமல் போ. ஒரு தெருவில் மட்டும் அடித்தால் அது அந்தத் தெருவின் நிகழ்ச்சியாகிவிடும். அடிப்பவர்களில் உன் குழுப் பெண்களும் இருக்க வேண்டும்; வீட்டுக்குள் இருக்கும் அம்மாக்கள் அதைப் பார்த்துத்தான் வெளியே வருவார்கள். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து முகம் கழுவ நேரம் விட்டு, ஐந்து மணிக்குமேல் ஆரம்பி. இருட்டுவதற்குள் முடித்துவிட்டால் விளக்குச் செலவும் இல்லை.

இடம் பார்க்கும்போது மேற்கு வெயில் நடிகர்கள் முகத்தில் விழும்படி பார்த்துக்கொள். கூட்டம் மேற்குக்கு முதுகு காட்டி உட்காரட்டும். கிழக்குக் கடலோர மாவட்டமானால் மாலைக் காற்று கிழக்கிலிருந்து வரும். உன் குரலை அது கூட்டத்திடம் கொண்டுபோகும். பின்னால் வகுப்பறைச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. இவ்வளவும் அமைந்தால் ஒலிபெருக்கி எதற்கு? தெருக்கூத்தில் மூன்று பக்கமும் சனம் உட்காரும். மட்டக்களப்பு வட்டக்களரியில் நான்கு பக்கமும் ஆட்கள். ஆடுகிறவரைப் பார்க்கும்போதே எதிரே இருப்பவர் முகமும் தெரியும். உனக்கு வேண்டியது மேடை இல்லாத அந்த ஏற்பாடுதான்.

முன்வரிசையில் நாற்காலி போட வருவார்கள். பணிவாக மறுத்துவிடு. முதியவர்களுக்கு ஓரத்தில் பெஞ்சு போதும். சிறப்பு விருந்தினர் உரை வேண்டுமென்றால் நாடகத்துக்குப் பிறகு என்று முன்பே பேசி முடி.

தெருக்கூத்தின் கட்டியங்காரனை உன் நாடகத்துக்குள் எப்படியாவது கொண்டுவா. ராஜா கதைக்கும் ஊர்க்கதைக்கும் நடுவில் நின்று, எதிரே இருப்பவரிடம் நேராகப் பேசுகிற அந்த உரிமை வேறு எந்தப் பாத்திரத்துக்கும் கிடையாது. ஆனால் அவன் ஊரைத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். முந்தின நாளே போய் சத்துணவு அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பிள்ளை பாதியில் நின்றுவிட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் யாரையும் பெயர் சொல்லிக் கேலி செய்யாதே. கூச்சப்படும் பிள்ளையைக் கையைப் பிடித்து நடுவில் இழுக்காதே.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். 1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ் வீதி நாடகத்துக்குப் பெரிய உந்துதல். மேடையும் நுழைவுச்சீட்டும் இல்லாமல் நாடகம் நடத்தலாம், விரும்பியவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் வழி. வீதியில் துண்டேந்துவது நியாயம்தான். பள்ளிக்குள் வேண்டாம். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு அப்பா காலிப் பையைத் தடவும்படி ஆகக் கூடாது. பயணச் செலவையும் இரவுச் சாப்பாட்டையும் அழைப்பவர்களிடம் கூச்சமில்லாமல் முன்கூட்டியே கேட்டு வாங்கு. இலவசம் ஊருக்குத்தான், உன் நடிகர்கள் பட்டினியோடு பேருந்து ஏற வேண்டியதில்லை. இலவசம் என்பதற்காக ஒத்திகையைக் குறைப்பதும் ஊரை அவமதிப்பதுதான்.

கடைசியாக ஒன்று. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதி பெண்கள். பல ஊர்களில் அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். நாடகம் முடிந்ததும் கூட்டத்தைக் கலைய விடாதே. குழுவில் இருக்கும் ஒரு அம்மாவை முதலில் பேசச் சொல். கழிப்பறையோ தண்ணீரோ சுற்றுச்சுவரோ, அவர்களே ஆரம்பிப்பார்கள். நீ ஒப்பனையைக் கலைத்துக்கொண்டு ஓரமாக நில். அந்தப் பேச்சை நடத்தப் போகாதே. நாள் குறிக்கும் முன் அடுத்த குழுக் கூட்டம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அதற்கு முந்தைய வாரத்தில் நாடகத்தை வை.

அன்புடன்,
உன் அண்ணன்