ரோட்டரி இன்ஜினில் ஆயில் கோளாறு: கண்டுபிடிப்பது எப்படி?

சாதாரண கார் ஒன்று ஆயில் குடித்தால் மெக்கானிக் முகத்தைச் சுளிப்பார். ரோட்டரி இன்ஜின் கொண்ட மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களில் கதை தலைகீழ். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகும் டிப்ஸ்டிக்கில் ஆயில் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால்தான் உரிமையாளர் கவலைப்பட வேண்டும்.

காரணம் இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள ஏபெக்ஸ் சீல்கள் அறையின் சுவரை உரசியபடியே ஓடுகின்றன. அந்த உரசலுக்கு வழுவழுப்பு தர, மீட்டரிங் பம்ப் என்ற சின்னஞ்சிறு பம்ப், இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பிலிருந்து ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே அனுப்புகிறது. அது எரிந்து போகும், போகத்தான் வேண்டும். இதே ஆயில்தான் பேரிங்குகளையும் காக்கிறது, நடு ஷாஃப்ட்டிலிருந்து பீய்ச்சியடித்து ரோட்டரின் உட்புறத்தையும் குளிர்விக்கிறது. இத்தனை வேலையையும் ஒரே ஆயில் செய்வதால், ஓரிடத்தில் தெரியும் அறிகுறியின் வேர் வேறோர் இடத்தில் இருக்கலாம்.

ஆகவே சோதனைக்கு வரிசை முக்கியம். காசு செலவில்லாதது முதலில், இன்ஜினை இறக்க வேண்டியது கடைசியில்.

முதல் வேலை டிப்ஸ்டிக். கார் சமதரையில் நிற்க வேண்டும். இன்ஜின் சூடாகி, அணைத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் ஊற்றி, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வருவது நல்லது. அளவு கூடியிருந்தால்? டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்து நீர்த்துவிட்டது என்று பொருள். குளிர்ந்த காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து உடனே அணைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மூடியைத் திறந்தால் ஆயில் ஊற்றும் குழாயில் பால் போன்ற நுரை தெரிகிறதா? ஆர்எக்ஸ்-8 காரில் குளிர்காலக் குறும்பயணங்களில் ஈரம் படிந்து அப்படி ஆவது சகஜம். டிப்ஸ்டிக்கிலேயே பால் நிறம் தெரிந்தால் மட்டும் கூலன்ட் கலந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது ஆயில் பிரஷர். பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இது. ஆர்எக்ஸ்-8 டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டுவதில்லை. பிரஷர் இருக்கிறதா இல்லையா என்ற ஒரு சுவிட்சின் பதிலை மட்டுமே அது சொல்கிறது. பிரஷர் பாதியாகக் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். அதனால் அந்த சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்தி அளப்பதே நம்பத்தக்க வழி. தொடக்கக்கால ஆர்எக்ஸ்-8 காருக்கு மாஸ்டா குறித்த அளவு, ஆயில் நன்றாகச் சூடான நிலையில் 3000 ஆர்பிஎம்மில் 350 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 51 பிஎஸ்ஐ. ஆர்எக்ஸ்-7 மாடல்களுக்கு அளவு மாறும். அந்தந்த ஆண்டின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேஜ் சொல்வதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குளிரில் சரியாக இருந்து, சூடான பின் ஐட்லிங்கில் மட்டும் விழுந்தால் முதலில் ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்; நீர்த்த ஆயிலே காரணமாக இருக்கலாம். புது ஆயிலிலும் அப்படியே என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, பேரிங் தேய்மானம். இன்னொன்று, ஆர்எக்ஸ்-7 இன்ஜின்களில் நடு ஷாஃப்ட்டின் முன்முனையில் இருக்கும் தெர்மல் வால்வு. சூடானதும் மூட வேண்டிய அது திறந்தே நின்றால் பிரஷர் கசிந்துவிடும். எல்லா வேகத்திலும் பிரஷர் குறைவென்றால் பிரஷர் ரெகுலேட்டர், அல்லது முன் கவருக்குள் இருக்கும் ஓர் ஓ-ரிங். விரல்நுனி அளவிலான அந்த ரப்பர் வளையம் கிழிந்து, நல்ல இன்ஜின் பேரிங் போனதாகத் தீர்ப்பு பெற்ற சம்பவங்கள் உண்டு. பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே பார்த்தால் குழப்பம் தீரும். செம்பு நிறப் பொடி மின்னினால் பேரிங். சுத்தமாக இருந்தால் ஓ-ரிங்கையோ வால்வையோ தேட இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

பிரஷர் சரி, ஆனால் ஆயில் குறையவே இல்லை என்றால் மீட்டரிங் பம்ப் பக்கம் திரும்ப வேண்டும். பழைய ஆர்எக்ஸ்-7 கார்களில் அது ஆக்ஸிலரேட்டர் லிங்கேஜோடு இணைந்த மெக்கானிக்கல் பம்ப். பிற்பாடு வந்தவற்றில் கம்ப்யூட்டர் இயக்கும் எலக்ட்ரிக் பம்ப். பின்னதில் ஸ்கேனர் போட்டால் கோளாறு பதிவாகியிருக்கும். பம்ப்பிலிருந்து போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களில் சிறு காற்றுக்குமிழிகள் தெரியும். இன்ஜின் ஓடும்போது அவை ஊர்ந்து நகர்ந்தால் ஆயில் போகிறது. அசையாமல் நின்றால் அடைப்பு. பழைய குழாய் அப்பளம்போல நொறுங்கும், கை வைக்கும்போது கவனம் தேவை. சந்தேகம் தீரும்வரை பெட்ரோலில் சிறிதளவு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுவது சீல்களைக் காப்பாற்றும். மீட்டரிங் பம்ப் தரும் மசகு போதாது என்று மாஸ்டாவுக்கே தோன்றியிருக்க வேண்டும்: 2009 மாடல் ஆர்எக்ஸ்-8 காரில் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்றாவதாக ஓர் ஆயில் நாசிலைச் சேர்த்தார்கள்.

புகையும் பேசும். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை கிளம்பி, சற்று நேரத்தில் அடங்கினால், ரோட்டரின் பக்கவாட்டு ஆயில் சீல்களின் ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டது. 1960களில் ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர்களைப் படுத்தியதும் இந்தக் கசிவுதான். சோதனைக் கார்கள் கக்கிய புகையைப் பார்த்து, முதுகில் விறகு பற்றியெரியும் ரக்கூன் நாயைப் பற்றிய ஜப்பானிய நாட்டுக்கதையான 'கச்சி-கச்சி யாமா'வின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். கெட்டிப்பட்ட சீல்களை மாற்ற இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். அதற்கு முன் ஆயில் அளவு கூடுதலாக இல்லை என்பதையும், டர்போ உள்ள கார் என்றால் டர்போவின் சீலையும் பார்த்துவிட வேண்டும். இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை அடங்காமல் வந்தால் அது கூலன்ட் சீலின் வேலை, ஆயிலுடையது அல்ல.

கடைசியாக வெளிக்கசிவு. அடிப்பகுதியை நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ்-7 காரில் பின்புறம் சொட்டினால் பின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். மேலே உள்ள ஃபில்டர் பீடத்தின் ஓ-ரிங்கில் கசியும் ஆயிலும் அதே வழியாக வழிந்து அங்கேதான் சொட்டும். ஆயில் கூலருக்குப் போகும் குழாய்களின் இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா, சம்ப்பின் ஓரத்து சீலன்ட் விட்டிருக்கிறதா என்பதையும் தடவிப் பார்க்க வேண்டும்.

சோதனையெல்லாம் பிரஷர் இருக்கும்வரைதான். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் 'வீடு பக்கம்தானே' என்று ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி, அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.