கம்பைலர் சரி என்கிறது, லிங்கர் ஏன் மறுக்கிறது?

கல்லூரி லேப் தேர்வில், ஓர் எண்ணின் வர்க்கமூலம் காண சி மொழியில் புரோகிராம் எழுதினேன். முந்தைய இரவு வீட்டு விண்டோஸ் கணினியில் சரியாக ஓடிய அதே புரோகிராம்தான். லேப்பில் இருந்ததோ லினக்ஸ். என்டர் தட்டியதும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்க்யூஆர்டி’ என்று பிழைச்செய்தி வந்தது. எந்த வரியில் தவறு என்ற எண்கூட இல்லை. வரி வரியாகத் தேடியதிலேயே நேரம் முடிந்துவிட்டது. தவறு என் புரோகிராமில் இல்லவே இல்லை!

என்ன நடந்தது? ‘மேத்.எச்’ என்ற ஹெடர் ஃபைலைச் சேர்த்தால், எஸ்க்யூஆர்டி என்று ஒரு ஃபங்ஷன் உண்டு என்ற அறிவிப்பு மட்டுமே கம்பைலருக்குக் கிடைக்கும். அதை நம்பி அது தன் வேலையை முடித்துவிடும். ஃபங்ஷனை உண்மையில் தேடி எடுத்து இணைப்பது லிங்கர். லினக்ஸில் கணித ஃபங்ஷன்கள் தனி லைப்ரரியில் உள்ளன. அதை நாம்தான் கேட்க வேண்டும். விண்டோஸில் அவை பொது லைப்ரரியிலேயே இருப்பதால் வீட்டில் பிழை வரவில்லை.

தீர்வு எளிது. ஜிசிசி கட்டளையின் கடைசியில் மைனஸ் குறி, சின்ன எல், சின்ன எம் மூன்றையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதுங்கள். (அது எல்; எண் 1 அல்ல. நானும் ஏமாந்திருக்கிறேன்.) ஃபைல் பெயருக்கு முன்னால் எழுதினால் உபுண்டுவில் அதே பிழை மீண்டும் வரும். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. லைப்ரரியைப் பார்க்கும்போது அதை யாரும் கேட்டிருக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போய்விடும்.

என்னை அன்று மிகவும் குழப்பியது வேறொன்று. சோதனைக்காக, மாறிக்குப் பதில் 16 என்ற எண்ணையே நேரடியாகக் கொடுத்துப் பார்த்தேன். பிழை மறைந்து விடை 4 வந்தது! விடையைக் கம்பைலரே கணக்கிட்டு எழுதிவிட்டதால் லைப்ரரி தேவைப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பிழைச்செய்தியில் ‘மெயின்’ என்ற பெயர் வந்தால், மெயினை ‘மியான்’ என்று எழுத்து மாற்றித் தட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நீங்களே எழுதிய ஃபங்ஷனின் பெயர் வந்தால், அது உள்ள ஃபைலையும் கட்டளையில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். இறுதியில் வரும் ‘எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்ற வரியால் பயனில்லை. அதற்கு மேலே, ‘அன்டிஃபைன்ட்’ என்று தொடங்கும் இடத்தில் உள்ள பெயரைப் படியுங்கள்.