ரப்பருக்கு எமன் எண்ணெய்

ராயபுரத்தில் வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விட்டால், கழுவி முடித்ததும் ஒரு கேள்வி வரும். "சார், அடியில டீசல் அடிச்சிடலாமா? உப்புக் காத்து, துருப்பிடிக்காது. புஷ் சத்தமும் நின்னுடும்." பழைய கார் பிரியர்களும் இதையே ஒருவருக்கொருவர் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் திருவொற்றியூரில் ஒருவர் தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு வீட்டு வாசலிலேயே முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களை மாற்றினார். பாராட்ட வேண்டிய வேலை. மாற்றி முடித்த கையோடு, புத்தம்புது ரப்பர்மேல் கழிவு ஆயிலை பிரஷ்ஷால் தடவினார். "ஊறினாத்தான் நல்லா வேலை செய்யும்" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

முப்பது ஆண்டுகள் ரப்பர் மோல்டிங்கில் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். டீசல் அடித்தால் சத்தம் நிற்பது உண்மைதான். ரப்பர் அதைக் குடித்து உப்பி இடைவெளியை அடைப்பதால் நிற்கிறது. நோய் தீரவில்லை, வீக்கம் வந்திருக்கிறது! இயற்கை ரப்பரும் டீசலும் ஒரே ஹைட்ரோகார்பன் குடும்பம். அதனால்தான் ரப்பர் எண்ணெயை வஞ்சனையின்றி உறிஞ்சுகிறது. பிறகு கொழகொழத்து, புஷ்ஷின் இரும்புக் குழாயோடு உள்ள ஒட்டு விட்டுப்போகிறது. ஆயில் சீல்களை இயற்கை ரப்பரில் செய்யாமல் நைட்ரைல் ரப்பரில் செய்வது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

நம்பாதவர்கள் இரண்டு ரப்பர் பேண்டு எடுங்கள். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை டீசலிலும் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் டீசல் பேண்டு பருத்து நீண்டு கிடக்கும். இழுத்துப் பாருங்கள், முன்பிருந்த பிடிமானம் இருக்காது. 1946இல் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய ஊர் திருவொற்றியூர். அதிலிருந்து வளர்ந்த எம்.ஆர்.எஃப். பின்னர் டயர் செய்ததும் அங்கேதான். அந்த ஊரில் போய் ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று விளக்க வேண்டியிருக்கிறதே!

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நம் பகுதி மெக்கானிக்குகளில் பலர் லாரியில் தொழில் பழகியவர்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்யத் தொடங்கிய நாள் முதல் இது கனரக வண்டிகளின் ஊர். லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் கன்மெட்டல் புஷ்ஷுக்குள் பின் உரசிச் சுழலும். அதற்கு கிரீஸ் கட்டாயம். காரின் ரப்பர் புஷ்ஷில் எதுவும் உரசக் கூடாது. வெளிக்குழாய் ஆர்மில் இறுகியிருக்கும், உள்குழாயை போல்ட் பிடித்திருக்கும், நடுவிலுள்ள ரப்பர் மட்டும் முறுக்கிக்கொடுத்து மீளும். லாரிக்குச் சொன்ன வைத்தியத்தைக் காருக்குச் செய்யாதீர்கள்.

ஹெரால்டில் குழப்பம் இன்னும் அதிகம். 1962இல் வந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதே ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கிச் செய்ததுதான். இரண்டிலும் பானெட் மொத்தமாக முன்னால் சாயும். டயர்மேல் உட்கார்ந்தபடி புஷ் வேலை பார்க்கலாம். முன்சக்கரத்தின் உட்புறம், கீழ்ப்பகுதியில் ட்ரன்னியன் என்றொரு மரை இணைப்பு உண்டு. அதற்கு கியர் ஆயில் ஊற்றியே ஆக வேண்டும். காய விட்டால் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு அரித்து முறியும். ஒரு சாணுக்குள் ஒன்றுக்கு எண்ணெய் உயிர், மற்றதற்கு எமன். ட்ரன்னியனுக்கு ஊற்றிவிட்டு, வழிந்ததைத் துணியால் துடையுங்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஜாக்கியில் வண்டி தொங்கும்போதே போல்ட்டை இறுக்கலாம் என்பது தவறு. இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். கையால் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்குங்கள். பாலியூரித்தேன் புஷ் எப்போதும் மேல் என்பதும் பாதிப் பொய். பந்தயத்துக்குச் சரி, கண்டெய்னர் லாரிகள் உழுத எண்ணூர் சாலையில் ஒவ்வொரு குழியும் இடுப்புக்கு வரும். புஷ் ஏறவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் தடவி வைஸில் அழுத்துங்கள், அல்லது லேத் பட்டறை பிரஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். செங்கல்லை அண்டக்கொடுத்து வண்டிக்கு அடியில் படுப்பவர்களிடம் ஒன்றே ஒன்று: வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஸ்டாண்டு வாங்குங்கள்.

துருவுக்கு என்ன வழி? வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். இரும்புக்கு ரெட் ஆக்ஸைடும் பெயின்ட்டும் அடியுங்கள். அவ்வளவே.

கடைசியாக ஒன்று. நீங்கள் அடிக்கும் டீசலும் கழிவு ஆயிலும் வண்டியிலேயே தங்குவதில்லை. சொட்டி, மழைநீர் வடிகால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியபோது எர்ணாவூர்க் கரையில் எண்ணெய்க் கசடை வாளியால் அள்ளியதைப் பார்த்தவர்கள் நாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து வலைகள் கறுத்ததையும் பார்த்தோம். வண்டியிலிருந்து வடிக்கும் பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேருங்கள். அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள். புஷ்ஷில் தடவாதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.