குழந்தைக்காகப் பேசும் தன்னார்வலர்

கேள்வி: அமெரிக்க நீதிமன்றங்களில் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்காகச் சட்டம் படிக்காதவர்களும் பேசலாமாமே, அவர்களால் என்ன பயன்?

பதில்: பேசலாம். சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சூகப், பெற்றோரால் துன்புறுத்தப்பட்ட அல்லது கவனிப்பாரின்றி விடப்பட்ட குழந்தைகளின் வாழ்வைப் போதிய விவரமின்றித் தீர்மானிக்க வேண்டியிருந்ததால் மனம் வருந்தி, 1977-இல் பயிற்சி பெற்ற பொதுமக்களை நியமிக்கும் முறையைத் தொடங்கினார். 'காசா' எனப்படும் இத்தன்னார்வலர், அதாவது குழந்தையின் நலனுக்காக நீதிமன்றமே நியமிக்கும் பிரதிநிதி, பின்னணிச் சோதனைக்கும் ஏறக்குறைய 30 மணி நேரப் பயிற்சிக்கும் பிறகே பொறுப்பேற்கிறார். அரசின் சமூகப் பணியாளர் ஒரே நேரத்தில் பல குடும்பங்களைக் கவனிக்க வேண்டியிருக்க, இவர் பெரும்பாலும் ஒரு குழந்தையையோ ஒரே வீட்டு உடன்பிறப்புகளையோ மட்டும் கவனிப்பதால், வளர்ப்பு இல்லத்துக்கு நேரில் சென்று, ஆசிரியரையும் மருத்துவரையும் விசாரித்து, கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கித் தரப்பட்டதா, வெவ்வேறு இல்லங்களில் பிரித்து வைக்கப்பட்ட அக்காளும் தம்பியும் சந்திக்க முடிகிறதா என்பது வரை எழுதி நீதிபதியிடம் அறிக்கை அளிக்கிறார். வழக்குரைஞர்களும் பணியாளர்களும் வளர்ப்பு இல்லங்களும் மாறிக்கொண்டேயிருக்கும் வழக்கில், முடிவுவரை மாறாத ஒரு முகம் குழந்தைக்குக் கிடைப்பதே இம்முறையின் மிகப் பெரிய பேறு எனலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரமோ, குழந்தையைத் தம் வீட்டில் வைத்து வளர்க்கும் உரிமையோ இவருக்கு இல்லை. தன்னார்வலர் பற்றாக்குறையால், வழக்கில் சிக்கிய எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் துணை இன்னும் கிடைக்கவில்லை.