இரண்டாவது கிளை: சைவ உணவகத் தொழிலில் கடனும் கணக்கும்

தென் கன்னடத்திலிருந்து வந்த சீதாராம ராவ் 1921-இல் மைசூரில் தொடங்கிய தாசப்பிரகாஷ், பின்னாளில் பல ஊர்களில் கிளை விரித்தது. சென்னைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1954-இல் எழுந்த அதன் விடுதியைப் பழைய சென்னைவாசிகள் இன்றும் நினைவுகூர்வர். கிருஷ்ண ராவ் 1938-இல் சென்னையில் நிறுவிய உட்லண்ட்ஸும் அவ்வாறே வளர்ந்தது. இட்லியையும் காப்பியையும் நம்பி ஊர்விட்டு ஊர் செல்லலாம் என்பதை இவர்கள் மெய்ப்பித்துக் காட்டினர். இன்றும் மைசூருவில் ஒரு சைவ உணவகத்தை நன்கு நடத்துவோர் பலர், இரண்டாவது கிளைக்காகக் கடன் கேட்டு வங்கியை நாடுகின்றனர். அவர்கள் விண்ணப்பத்திற்கு முன்னர் ஆராய வேண்டியவை சில உண்டு.

முதற்கடையில் உரிமையாளரே கல்லாவில் அமர்கிறார். அவர் மனைவியோ தம்பியோ மாவின் பதத்தைப் பார்க்கின்றனர். இவ்வுழைப்புக்குக் கணக்கில் சம்பளம் இல்லை. ஆகவே அக்கடையின் இலாபம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். இரண்டாவது கடையில் அதே வேலைகளுக்கு மேலாளரும் தலைமைச் சமையற்காரரும் ஊதியம் பெறுவர். முதற்கடையின் இலாப விகிதத்தை அப்படியே இரண்டாவது கடைக்கு எழுதிவரும் திட்ட அறிக்கைகளை நான் ஐயத்துடனேயே படிப்பேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முதற்கடையின் மாத இலாபம் 1,20,000 ரூபாய்; குடும்பச் செலவு 60,000 போக மீதி 60,000. இரண்டாவது கிளைக்கு 20 லட்சம் ரூபாய் கடன், ஐந்தாண்டுத் தவணை, வட்டி 10.5 விழுக்காடு எனில், மாதத் தவணை ஏறத்தாழ 43,000 ரூபாய். அறுபதாயிரத்தில் நாற்பத்து மூவாயிரம் செலுத்தலாமே என்று தோன்றும். ஆனால் புதிய கடை முதல் எட்டு மாதங்களுக்கு மாதம் 50,000 இழப்பைத் தருமாயின், கையில் எஞ்சுவது 10,000 மட்டுமே. மாதந்தோறும் 33,000 பற்றாக்குறை. எட்டு மாதத்தில் 2,64,000. கடை திறந்தபின் நல்ல உணவகங்களும் தடுமாறுவது பெரும்பாலும் இத்தொகைக்கு ஏற்பாடு செய்யாமையால்தான்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. அத்தொகையை முன்கூட்டியே சேமித்து வைத்திருப்பது ஒன்று. தவணை விடுப்புடன் கடனைக் கேட்பது மற்றொன்று. விடுப்புக் காலத்தில் வட்டி மட்டும் மாதம் 17,500 ரூபாய் செலுத்தினால் பற்றாக்குறை 7,500 ஆகக் குறையும். எட்டு மாதத்திற்கு 60,000 போதும். ஆயினும் அசல் குறையாது. மொத்த வட்டிச்சுமை சற்றுக் கூடும். விடுப்பைக் கடன் ஒப்புதலுக்கு முன்பே கேட்க வேண்டும். தவணை தவறிய பின்னர் கேட்பது கடன் வரலாற்றைக் கெடுத்துக்கொள்வதாகும்.

அன்றாடக் கொள்முதலுக்காகத் தரப்படும் ரொக்கக் கடனை எடுத்து உள் அலங்காரத்திற்கும் அடுப்புக்கும் செலவிடுவோர் உளர். அப்பணம் சுவரிலும் இரும்பிலும் உறைந்துவிடும். பின்னர் அரிசிக்கும் உளுந்துக்கும் தட்டுப்பாடு நேரும். நெடுநாள் பயன்படும் பொருளுக்குத் தவணைக் கடனும், நாள்தோறும் சுழலும் பொருளுக்கு ரொக்கக் கடனும் என இரண்டையும் பிரித்தே வைத்தல் வேண்டும்.

குத்தகைக் காலமும் கவனத்திற்குரியது. சென்னை கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் அரசு நிலத்தில் நடந்தது. மக்கள் ஆதரவுக்குக் குறைவில்லை. எனினும் 2008-இல் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. நிலம் பிறருடையதாயின் வாடிக்கையாளர் கூட்டம் மட்டும் கடையைக் காப்பதில்லை. ஐந்தாண்டுக் கடனுக்கு மூன்றாண்டு வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால் வங்கி தயங்குவது இதனாலேயே. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும், கடன் முடியும் காலத்திற்கு அப்பாலும் நீட்டிப்பதும் உரிமையாளருக்கே பாதுகாப்பு.

வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண உணவகங்கள் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியைச் செலுத்துகின்றன. ஆனால் உள்ளீட்டு வரி வரவு அவற்றிற்குக் கிடைப்பதில்லை. பத்து லட்சம் ரூபாய் சமையலறை இயந்திரங்களுக்கு 18 விழுக்காடு வரி 1,80,000 எனில், அது திரும்பி வாராது. திட்டச் செலவில் அதையும் சேர்த்தே காட்ட வேண்டும். தொகுப்புத் திட்டத்தில் இருப்போர் மற்றொன்றையும் நோக்க வேண்டும். அதன் 1.5 கோடி ரூபாய் வரம்பு ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே அன்று. ஒரே வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணின் கீழ் வரும் எல்லாக் கிளைகளின் விற்றுமுதலுக்கும் சேர்த்து.

இனி, மைசூருவுக்கே உரிய ஒரு வாய்ப்பு. பட்டாபி ஜோயிஸின் யோகப் பயிற்சி நிலையம் 2002-இல் கோகுலத்திற்கு மாறியது முதல் வெளிநாட்டு மாணவர் பலர் அப்பகுதியில் தங்குகின்றனர். பால், தயிர், நெய், தேன் யாவும் தவிர்க்கும் நனிசைவர்கள் அவர்களுள் உண்டு. நம் இட்லியும் சாம்பாரும் ரசமும் இயல்பாகவே நனிசைவம்தான். தாளிதத்தில் நெய் விழாதவரை. வெண்ணெய் மிதக்கும் மைசூர் தோசைக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தோசையை அதே கல்லில் வார்த்துவிட்டு நனிசைவம் என்று எழுதிவைப்பது நேர்மையன்று. தனிக் கல், தனிக் கரண்டி, தனி ஏனம் வேண்டும். இச்செலவு சிறிது, திட்ட அறிக்கையில் ஒரு வரியாகக் காட்டினால் போதும். மாணவர் வருகை ஆண்டு முழுதும் ஒரே சீராக இராது. ஆதலால் அவ்விற்பனையை நம்பித் தவணையைக் கணக்கிடலாகாது.

பொடிகளைப் பொட்டலமாக விற்க எண்ணுவோருக்குப் பெங்களூரின் எம்.டி.ஆர். நல்ல முன்னோடி. 1924-இல் தோன்றிய அந்த உணவகம், நெருக்கடி நிலைக் காலத்து விலைக் கட்டுப்பாட்டால் உணவு விற்பனையில் இழப்புக் கண்டபோது கலவைப் பொடிகளின் பக்கம் திரும்பியது. பொட்டலத்தில் நனிசைவம் என்று அச்சிட விரும்பினால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒப்புதலும் உரிய சின்னமும் தேவை. அவ்வொப்புதல் பெறும் காலத்தையும் கணக்கில் கொண்டே பொட்டலமிடும் இயந்திரத்திற்கான கடனைப் பெறுதல் நலம். ஒப்புதல் வரும்வரை இயந்திரம் சும்மா இருந்தாலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.