எந்தக் கதவைத் தட்டுவது?



லயத்தில் சண்டை முற்றினால் "கோட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லாதவர் குறைவு. எந்தக் கோட்டுக்கு என்று கேட்டால் பதில் வராது. நீதிமன்றங்கள் பல. இன்ன விஷயம், இன்ன பிரதேசம், இன்ன தொகை என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லைக்கு நியாயாதிக்கம் என்று பெயர். எல்லைக்கு வெளியே உள்ள வழக்கை, நீதிபதி எவ்வளவு இரக்கமுள்ளவராயினும், தீர்த்து வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

இதை வெறும் ஏட்டுச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். நம் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தின் கதையைப் பெரியவர்கள் சிலர் கேட்டிருக்கக்கூடும். காணியில்லாத கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிப்பதற்காக 1940களில் அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். போக இடமில்லை, அவர்கள் போகவுமில்லை. 1946 ஜூன் மாதம் இலங்கை இந்திய காங்கிரஸ் அவர்களுக்காக வேலைநிறுத்தம் நடத்தியது. லயக் காம்பராவை விட்டு வெளியேறாதவர்கள்மீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. என்ன குற்றம்? அத்துமீறல். அதாவது, பிறருக்குத் தொந்தரவு கொடுக்கும் நோக்கத்துடன் அவர் இடத்தில் தங்கியிருத்தல்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வீட்டில் இருக்க உரிமை உண்டா இல்லையா என்பது குடியியல் வழக்கு. அதைக் குற்றவியல் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். தொழிலாளி ஒருவர்மீதான தீர்ப்பு, அக்காலத்தில் நமக்கு இறுதி நீதிமன்றமாயிருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போயிற்று. 1950இல் அங்கே அவர் குற்றவாளி அல்லர் என்று முடிவாயிற்று. தான் வெளியேறாதிருப்பது துரைக்கு எரிச்சலூட்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவருடைய பிரதான நோக்கம் எரிச்சலூட்டுவதன்று, தன் வீட்டில் தொடர்ந்து இருப்பதே என்பது தீர்ப்பின் சாரம். இன்றும் அத்துமீறல் வழக்குகளில் சட்டத்தரணிகள் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். தோட்டத்து மனிதர் ஒருவரின் பிடிவாதம் நாட்டின் சட்டத்துக்கே விளக்கம் தந்துவிட்டது!

ஆயினும் இதை நம்பி, காம்பரா எனக்கே சொந்தம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. குற்றமில்லை என்றார்களே தவிர, உரிமை உண்டு என்று சொல்லவில்லை. அரச காணிகளிலிருந்து ஆட்களை வெளியேற்ற 1979இல் வேறொரு சட்டம் வந்தது. அதன்கீழ் நீதவான் முன் காட்டக்கூடியது, அரசாங்கத்தின் செல்லுபடியான எழுத்து அனுமதி ஒன்றைத்தான். "மூன்று தலைமுறையாய் இருக்கிறோம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஆகவே வீட்டுக்கோ காணிக்கோ எந்தத் துண்டுக் கடிதம் கிடைத்தாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி வேலை பற்றி. முன்னாளில் துரை முறைப்படி நோட்டீஸ் கொடுத்து ஒருவரை நிறுத்திவிட்டால் நீதிமன்றம் வேலையைத் திருப்பித் தராது. 1957ஆம் ஆண்டின் திருத்தத்தால் தொழில் நியாய சபைகள் ஏற்பட்டபின் அந்நிலை மாறியது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீதியும் நேர்மையுமான கட்டளை எதுவோ அதை அச்சபை இடலாம். வேலையில் மீண்டும் சேர்க்கச் சொல்லலாம், நட்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். தொழிலாளிக்காக அவருடைய சங்கப் பிரதிநிதியே பேசலாம். அதன் கட்டளைக்கு எதிரான மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும்.

ஆனால் காலக்கெடு ஒன்று உண்டு. வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். முன்னர் இருந்த காலத்தை 2003ஆம் ஆண்டின் திருத்தம் இப்படிச் சுருக்கிவிட்டது. நம்மவர்கள் பலர் தவறுவது இங்கேதான். பொலிசுக்குப் போகிறார்கள், தலைவர் துரையோடு பேசிப் பார்க்கட்டும் என்று காத்திருக்கிறார்கள், திருவிழா முடியட்டும் என்கிறார்கள். கலண்டர் காத்திருப்பதில்லை. பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

சேமலாப நிதி கட்டப்படவில்லை, ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தும் பணிக்கொடை வரவில்லை என்றால் போக வேண்டிய இடம் தொழில் திணைக்கள அலுவலகம். நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் என்பது 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டக் கணக்கு. வீட்டில் உட்கார்ந்து நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

அயலாரோடு வரும் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. கைமாற்றுக் கடன், சீட்டுப் பணம், வேலித் தகராறு, சிறு கைகலப்பு, ஏச்சுப்பேச்சு எல்லாம் அங்கே போகலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய இணக்க சபைகள் 1978இல் ஒழிந்தபின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் இவற்றைக் கொண்டுவந்தது. இரு தரப்பாரும் மத்தியஸ்தர் ஒவ்வொருவரைத் தெரிவு செய்ய, அவர்கள் மூன்றாமவரைத் தெரிவு செய்கிறார்கள். சட்டத்தரணி அங்கே தோன்ற முடியாது, கட்டணமும் இல்லை. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பல தகராறுகளில், இணக்கம் ஏற்படவில்லை என்ற அத்தாட்சியை இச்சபையிடம் பெறாமல் நீதிமன்றத்தில் வழக்கே போட முடியாது. முதலில் அத்தொகை 25,000 ரூபாயாக இருந்தது. பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது.

மத்தியஸ்தர் தீர்ப்பளிப்பவர் அல்லர். இரு தரப்பும் சம்மதித்தால்தான் இணக்கம். விளங்காத மொழியில் எழுதிய இணக்கத்தில் கையொப்பமிடாதீர்கள். வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் சமாதானமாக முடித்துவிட வேண்டும் என்பதும் சரியல்ல. கணவனிடம் அடிபடும் பெண்ணைப் பார்த்து "ஒத்துப் போ, பிள்ளே" என்பவர்களில் கோயிற் பெரியவர்களும் உண்டு. அவளுக்கு உரிய கதவு நீதவான் நீதிமன்றம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அங்கே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். கைவிடப்பட்டவள் பராமரிப்புப் பணம் கேட்பதும் அங்கேதான். திருமணத்தைச் சட்டப்படி கலைப்பதோ மாவட்ட நீதிமன்றம். மேற்றிராசனத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று தீர்த்தாலும் அரசாங்கப் பதிவு அப்படியே நிற்கும். விவாகரத்துப் பெற்றதனால் திருச்சபையில் திருமணம் நீங்கிவிடவும் மாட்டாது. இரண்டும் வெவ்வேறு கதவுகள்.

கடைசியாக மொழி. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நீதிமன்ற நடவடிக்கை சிங்களத்தில் நடைபெறும். அது விளங்காதவருக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. முதல் தவணையன்றே, விளங்கவில்லை என்று எழுந்து சொல்லுங்கள்.